அவள் சாப்பிடாத அப்பம்

மாவு பொங்குவதைப் பார்த்து தினமும் வாய் பிளக்கிற ஒருத்தி பேக்கரியில் காலம் தள்ள முடியுமா? ரொட்டியம்மா தள்ளினாள். பிசைந்த மாவைப் பெரிய தொட்டியில் போட்டு ஈரத்துணியால் மூடிவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து துணியை விலக்குவாள். மாவு தொட்டியின் விளிம்புவரை எழும்பி, விரல் பட்டால் நடுங்குகிற மாதிரி நிற்கும். உடனே, "அம்மாடியோவ்!" என்று ஒரு சத்தம்.

"தினமும்தான் பொங்குது. தினமும்தான் நீயும் கத்துறே. உனக்கு அலுக்கவே அலுக்காதா?" என்று அடுப்புக்காரர் கேட்பார். அவருக்கு அந்த உஷ்ணத்தில் எதைப் பார்த்தாலும் எரிச்சல்தான்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே அண்ணே! மூடி வச்சுட்டு டீ குடிக்கப் போனேன். அது பாட்டுக்கு எழும்பி உக்காந்திருக்கு!"

அடுப்புக்காரர் தலையில் அடித்துக்கொண்டு தட்டுகளை உள்ளே தள்ளுவார். ஆனால் அவள் வராத நாட்களில் அந்தச் சத்தம் இல்லாமல் தனக்கு வேலையே ஓடுவதில்லை என்று அவரே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்.

குள்ளமான உருவம். முழங்கைக்குக் கீழே கை இரண்டும் உலக்கை மாதிரி. மணிக்கட்டில் அடுப்புத் தட்டுகள் சுட்ட தழும்புகள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ரொட்டிக்கு உறை மாட்டுகிற வேலைக்கு வந்தவள். மாவு மேசையில் ஒரு ஆள் கை வெட்டுப்பட்டு விடுப்பில் போனபோது, "இந்தா, நீ ரெண்டு நாள் பிசை" என்று மேஸ்திரி தள்ளிவிட்டார். அந்த இரண்டு நாள் அப்படியே ஒரு ஆயுசாக நீண்டுவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கும் ஏறுவதும் இறங்குவதும்தான் தொழில், பேச்சிலும் அப்படியே, ஒரு நேரம் உச்சிக்குப் போவார், ஒரு நேரம் நடுவில் நின்றுவிடுவார். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் சௌக்கியமாக இருந்தாள். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம் என்றுதான் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அவர்களுடைய சபை பெரிய சபை இல்லை. கடைகளுக்கு மேலே, மாடியில், நீளமான ஒரு கூடம். மரபெஞ்சுகள். முன்னால் ஒரு மேசை, பக்கத்தில் கைகழுவும் தொட்டி வைத்த ஒரு சின்ன அறை. மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சைச்சாறும் பகிர்ந்துண்கிற திருவிருந்து. முன்பெல்லாம் கடையில் வாங்கிய ரொட்டியைத்தான் வைத்தார்கள். "நம்மகிட்டயே ரொட்டி சுடுறவங்க இருக்கும்போது கடையில எதுக்கு?" என்று சபை நிர்வாகத்தில் மூத்தவரான மூப்பர் ஒருநாள் எழுந்து கேட்டார். எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சிவந்துபோயிற்று. அன்றிலிருந்து திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு அடுப்பில் வட்டமாக ஒரே ஒரு அப்பம், மேலே சிலுவை போல ஒரு கீறல். அந்தக் கீறலைப் போடும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். இந்த மாவு நாளைக்கு என்னவாகப் போகிறது என்று நினைத்தால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பத்தை யாரும் தானாகப் பிட்டுச் சாப்பிடக் கூடாது. போதகர் முதல் துண்டைப் பிட்டு முதல் பெஞ்சில் இருக்கிறவர் கையில் வைப்பார். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டு, தட்டிலிருந்து ஒரு துண்டு பிட்டு அடுத்தவர் கையில் வைக்க வேண்டும். வைக்கும்போது "உங்களுக்காக" என்று சொல்ல வேண்டும், சின்னவர்களாக இருந்தால் "உனக்காக". இப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசி பெஞ்சுவரை போகும். முதலாளியானாலும் சரி, மூட்டை தூக்குகிறவரானாலும் சரி, பக்கத்தில் இருக்கிறவர் கொடுத்தால்தான் உண்டு.

அப்பத்தைச் சுட்டவளுக்கு மட்டும் அது வருஷக்கணக்கில் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைவிட, அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் சரி.

தட்டு கிளம்புகிற நேரம் பார்த்து அவள் நைசாக எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். திராட்சைச்சாறு ஊற்றிய சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், தண்ணீரைத் திறந்து எதையாவது கழுவ வேண்டும். ஊழியத்தில் எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள். உள்ளே அவள் காலிக் கிண்ணத்தைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு மட்டும் தெரியும், தான் ஒளிந்திருக்கிறோம் என்று.

காரணம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவள் கூடப் பிறந்த தங்கை. சின்னவள்.

அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அம்மா தையல் கம்பெனியில் வேலை செய்து இரண்டு பெண்களையும் ஆளாக்கினாள். அம்மா வேலைக்குப் போன நேரமெல்லாம் சின்னவளை இடுப்பில் தூக்கிச் சுமந்தது பெரியவள்தான். அம்மா படுத்த படுக்கையானபோது சின்னவள் வீட்டில் இருந்தாள். பேக்கரியில் அப்போது ஆள் பற்றாக்குறை, இரண்டு பேர் வேலையைப் பெரியவள் ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். தினமும் போன் போடுவாள். "நல்லாதான் இருக்காங்க. நீ உன் வேலையைப் பாரு, மெதுவா வா" என்பாள் சின்னவள். மெதுவாகத்தான் போனாள். போனபோது அம்மா வெள்ளைத்துணிக்குக் கீழே இருந்தாள்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அடக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, "கடைசிவரைக்கும் பெரியவ வந்துட்டாளா, பெரியவ வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாங்கம்மா. டாக்டர் அப்பவே கை விரிச்சுட்டாரே, உனக்குத் தெரியாதா?" என்றாள். பெரியவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். "பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன்" என்று முணுமுணுத்துத் தங்கை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த ஒரு பார்வையோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்கு ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார்கள், சபைக்காக. மற்றபடி ஒன்றும் இல்லை.

ரொட்டியம்மாவுக்குக் கடவுள்மேல் விசுவாசம் இல்லாமல் இல்லை. அதுதான் தொல்லையே. விசுவாசம் இல்லாதவளாக இருந்தால், போகட்டும் என்று அந்த அப்பத்தையும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இவளுக்கு அந்தத் துண்டு அப்பம் உயிர். அதை மன்னிக்காத கையால் வாங்கக் கூடாது என்று உறுதியாக நம்பினாள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சபையாக எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது, "பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பது போல" என்கிற வரி வந்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வாள். பொய் சொல்ல மாட்டாள். அந்த நேர்மையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உபவாசம் இருந்து பார்த்தாள். முழங்கால் வலிக்க ஜெபித்துப் பார்த்தாள். "ஆண்டவரே, அவ மேல எனக்கு மனசு இளகட்டும். இளகினதும் சாப்பிடுறேன்" என்பதுதான் ஜெபம். எழுந்து நின்று நெஞ்சைத் தடவிப் பார்ப்பாள். கல்லு கல்லாகத்தான் இருக்கும். கேட்டதையெல்லாம் கொடுத்தவர் இதை மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. இப்படியே செத்துப்போய்விடுவோமோ, தன் கையால் சுட்டதைத் தன் வாயால் சாப்பிடாமலே போய்விடுவோமோ என்று பயம் வந்தது. நாளாக நாளாக அந்தப் பயம் அவளைவிட்டு அகலவே இல்லை.

இதற்கிடையில் பேக்கரியில் மாவு மூட்டை மாறியது. உப்பும் மற்றதும் முன்கூட்டியே கலந்து வருகிற மாவு. "இனிமே யாரும் உப்பு டப்பாவைத் தொடக் கூடாது" என்று மேஸ்திரி கறாராகச் சொன்னார். சொல்லிவிட்டால் ஆயிற்றா? காலமெல்லாம் பழகிய கை. ரொட்டியம்மாவின் கை தானாக டப்பாவுக்குப் போனது. ஒரு தொட்டி மாவு கடல்தண்ணீராகிப் போய், மேஸ்திரி தாம் தூம் என்று குதித்தார். அவள் டப்பாவின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினாள். கை போகும், கயிறு தட்டும், கை திரும்பும். கொஞ்ச நாளில் கை போவதையே மறந்தது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, கை கூடச் சொன்னால் கேட்கிறதே என்று அதற்கும் ஒருமுறை வியந்துகொண்டாள்.

பல மாதம் கழித்து ஒரு முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து ஜனங்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் ரொட்டியம்மா கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. சின்னவள்.

"அக்கா, அப்பத்துல உப்பு இல்ல."

ரொட்டியம்மா திரும்பவில்லை. "என்ன உளர்றே?"

"இன்னைக்கு மட்டும் இல்ல. எத்தனையோ மாசமா இல்ல."

இது கௌரவப் பிரச்சினை. ரொட்டி விஷயத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த தட்டிலிருந்து மிச்சத் துண்டு ஒன்றை வெடுக்கென்று எடுத்தாள். வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அதை வாயில் வைக்க முடியவில்லை.

சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"உப்பு பாக்குறதுக்குக்கூட வாயில வைக்க முடியல, இல்ல? நீ சாப்பிடுறதே இல்ல. போன மாசமே எனக்குச் சந்தேகம். ருசி பாத்திருந்தா நீ இப்படி விட்டிருக்க மாட்டியே." ஒரு அடி உள்ளே வந்தாள். "என்னாலதானே அக்கா?"

"பழசை எதுக்குக் கிளர்றே? போ."

"போறேன். சொல்லிட்டுப் போறேன். மறந்துட்டேன், பதட்டத்துல இருந்தேன்னு அன்னைக்குச் சொன்னேன்ல? பொய். குளிப்பாட்டுறது நான், துணி மாத்துறது நான், ஸ்பூன் ஸ்பூனா பால் ஊட்டுறது நான். கண்ணைத் திறந்தா அம்மா உன்னைத்தான் கேப்பாங்க. நீ வந்தா சிரிப்பாங்கன்னு தெரியும். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு தடவைகூட வரல. டாக்டர் சொல்லியனுப்பச் சொன்னாரு. நான் வேணும்னேதான் உனக்குச் சொல்லல."

சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ரொட்டியம்மா துண்டைத் தட்டில் வைத்தாள்.

"போயிடு" என்றாள் மறுபடி. சின்னவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அப்பத்துல உப்பு இல்லையாமே. நீங்களும்தானே சாப்பிட்டீங்க?"

அவர் சட்டையைக் கழற்றுவதை நிறுத்தினார். நடு மாடியில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "ஆமா, இல்லதான். பாஸ்டர் போடவேண்டாம்னு சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

விசாரித்தால் கதை இன்னும் மோசம். போதகர் அதை மூப்பரின் ஏற்பாடு என்று நினைத்திருந்தார். மூப்பரோ போதகரின் ஏற்பாடு என்று நினைத்து, உப்பில்லாத அப்பம் கிறிஸ்துவின் சிலுவைப் பாடுகளின் வெறுமைக்கு அடையாளம் என்று புதன்கிழமைக் கூட்டத்தில் அருமையான விளக்கம் வேறு கொடுத்திருந்தார். அன்று அவளுக்குப் பேக்கரியில் வேலை. ஒரு சகோதரர் அந்த அப்பம் தன்னை அழ வைத்தது என்று சாட்சி சொன்னாராம். மிச்சத்தை மொட்டை மாடியில் தின்ற புறாக்களும் புகார் சொல்லவில்லை. ஆக, சபை முழுக்க மாதக்கணக்கில் சப்பென்று மென்று விழுங்கியிருக்கிறது, ஒருவர் வாய் திறக்கவில்லை.

ரொட்டியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கை மறந்திருக்கிறது. பேக்கரியில் உப்பைத் தொடாதே என்று பழக்கிய கை, வீட்டுச் சாதா மாவிலும் தொடவில்லை. எந்த ரொட்டிக்காரியும் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவாள். முதல் வாய் வைக்காதவளுக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்ததை போடாத ஒரு சிட்டிகை உப்பு காட்டிக் கொடுத்துவிட்டதே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னை யாரோ தேடிக்கொண்டே இருந்திருக்கிறார் என்று தோன்றியது. பக்கத்து அறைக் கதவு வரைக்கும் வந்து தேடியிருக்கிறார்.

ஆனால் கோபம் குறைந்ததா? கூடியது. இதுவரை தங்கை மறந்துவிட்டாள் என்று நினைக்கவாவது ஒரு சின்ன இடம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். அம்மாவின் கடைசிச் சிரிப்பைத் தெரிந்தே திருடியிருக்கிறாள். இரவு புரண்டு புரண்டு படுத்தாள்.

வாரத்தின் நடுவில் போதகரைப் பார்க்கப் போனாள். சின்ன வயசுக்காரர், ஜலதோஷத்தோடு கைக்குட்டையும் கையுமாக இருந்தார். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "மனசுல மன்னிப்பு இல்ல பாஸ்டர். இல்லாம போய் கையை நீட்டினா அது நடிப்பு இல்லையா?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியலம்மா. நானும் உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்றார். மழுப்பாமல் அப்படிச் சொன்னதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் கேட்டு வந்த பதில் கிடைக்கவில்லை.

பதில் பேக்கரியில் இருந்தது. மறுநாள் வழக்கம் போல மாவைப் பிசைந்து மூடிவிட்டு டீ குடிக்கப் போனாள். வந்தாள். துணியை விலக்கினாள். மாவு விளிம்புவரை எழும்பி நின்றது. "அம்மாடியோவ்" என்று வாய் வரைக்கும் வந்த சத்தம் அப்படியே நின்றது.

"என்ன, இன்னைக்குச் சத்தத்தைக் காணோம்?" என்றார் அடுப்புக்காரர், தட்டைத் தூக்கியபடி.

"அண்ணே, இதைப் பொங்க வச்சது யாரு?"

"ஈஸ்ட். ஏன், இதுவரைக்கும் நீன்னு நினைச்சியா?"

"ஈஸ்ட்டைப் போட்டது நான்தானே?"

"போட்டே. மூடினே. டீ குடிக்கப் போனே. நீதானே தினமும் சொல்வே, நான் ஒண்ணுமே பண்ணலைன்னு." அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உடம்புக்கு என்ன?"

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. முதலில் மாவு பொங்கட்டும், அப்புறம் ஈஸ்ட் போடுகிறேன் என்று தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் கிறுக்கியாவது அப்படி ரொட்டி சுடுவாளா? மனசு இளகுவது அவள் வேலையே இல்லை. போடுவதும் மூடுவதும்தான் அவள் வேலை. எழும்ப வைக்கிறவர் வேறு. தினமும் இந்தத் தொட்டியில் அதைப் பார்த்துத் தினமும் கத்தியவளுக்கு, இவ்வளவு நாள் உறைக்கவில்லை.

அடுத்த திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம் சமையலறையில் சாதா மாவை அள்ளிப் போட்டாள். உப்பு டப்பாவை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். உப்பைப் போட்டாள். ஒருமுறைக்கு இருமுறை போட்டாகிவிட்டதா என்று பார்த்தாள். பிசைந்தாள். பிசையும்போதே நெஞ்சுக்குள் தங்கையின் குரல் கேட்டது, வேணும்னேதான் சொல்லல, வேணும்னேதான் சொல்லல. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் மாவை ஓங்கிக் குத்தினாள். மாவு நன்றாகவே பதமாயிற்று. பிறகு மாவு ஒட்டிய கைகளை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆண்டவரே, எங்கிட்ட மனசு இல்ல. கை மட்டும்தான் இருக்கு. அதை வச்சு ஏதாவது பண்ணும்."

வேறு ஜெபம் வரவில்லை. துணியைப் போட்டு மாவை மூடினாள்.

காலையில் அப்பத்தை மேசையில் வைத்துவிட்டு முதலில் மூப்பரிடம் போனாள். "ஐயா, உப்பு போடாதது ஏற்பாடு இல்ல. நான் மறந்துட்டேன். மன்னிச்சுடுங்க."

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதன்கிழமை கொடுத்த விளக்கம் அவர் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். ஆனால் விளக்கத்துக்குக் குறைவு வைக்கிற மனிதரா அவர்? "மறந்துபோன கையையும் ஆண்டவர் உபயோகப்படுத்துவாரும்மா" என்றார் கம்பீரமாக. இந்தத் தடவை அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அவருக்கே தெரியாது.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அவள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். பக்கத்து அறைக்குப் போகவில்லை. நடுவழியே நடந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். கணவர் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார். தட்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். யோசித்துத்தான் சின்னவளுக்கு அடுத்து, தட்டு போகிற பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை கொடுத்துத்தான் தான் வாங்க வேண்டும். சின்னவள் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போதகர் அப்பத்தைப் பிட்டார். முதல் பெஞ்சு. இரண்டாம் பெஞ்சு. "உங்களுக்காக", "உனக்காக" என்று மெல்லிய குரல்கள் நகர்ந்து வந்தன. ரொட்டியம்மா இதை இந்தப் பக்கமிருந்து கேட்டு எவ்வளவு காலமாயிற்று! குழாய்ச் சத்தத்தில் ஒளிந்துகொண்டு இதையெல்லாம் எப்படி இழந்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றும் தோன்றியது. கல் இன்னும் அங்கேதான் இருந்தது. தடவிப் பார்க்கவே வேண்டாம், கனம் தெரிந்தது.

தட்டு சின்னவள் மடிக்கு வந்தது. அவள் தன் துண்டைச் சாப்பிட்டாள். அக்காவுக்காக ஒரு துண்டு பிட்டாள். பிட்டவள் அதை நீட்டவில்லை, அக்கா வாங்குவாளா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பின் பெஞ்சில் யாரோ இருமினார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

ரொட்டியம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மெலிந்த கை. நகம் வெட்டிய, பாத்திரம் தேய்த்துச் சிவந்த கை. அம்மாவைக் குளிப்பாட்டிய கை. அம்மாவின் வாயில் கடைசி ஸ்பூன் பாலை வைத்ததும் இதே கைதான். அம்மாவைத் தன்னிடமிருந்து மறைத்த கையும், அம்மாவுக்குக் கடைசிவரை ஊட்டிய கையும் ஒரே கைதான் என்பது இத்தனை காலத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

அவள் தன் தடித்த கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க, பிச்சை கேட்கிறவள் மாதிரி.

"உனக்காக, அக்கா" என்றாள் சின்னவள். பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மாற்றிச் சொல்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அக்காவை நீ என்று அழைத்த வாய்.

ரொட்டியம்மா அதை வாயில் வைத்தாள். மென்றாள். உப்பு சரியாக இருந்தது.

இடி இடிக்கவில்லை, வெளிச்சம் எதுவும் வரவில்லை. தட்டு அவள் மடிக்கு வந்தது. பிட்டு, கணவர் கையில் வைத்து, "உங்களுக்காக" என்றாள். கிண்ணங்கள் வந்தன, போயின. சின்னவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ரொட்டியம்மாவின் கை, அவள் சொல்லாமலே, சின்னப் பிள்ளையாக இடுப்பில் தூக்கிச் சுமந்த காலத்துப் பழக்கத்தில், தங்கையின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. சபை எழுந்து நின்றது. ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அவளும் சொன்னாள், ஒரு கை தங்கையின் முதுகில் இருக்க. ஆமென் என்றார்கள்.

உட்கார்ந்தபோது கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆமென் சொல்லவில்லை. பாதி ஜெபத்திலேயே வாய் நின்றுபோயிருந்தது போல இருந்தது.

"என்னங்க?"

"நீ சொன்னே."

"எதை?"

"அந்த வரியை." அவர் அவள் பக்கம் குனிந்தார். "ஒவ்வொரு வாரமும் அந்த இடத்துல நீ நிறுத்திடுவே. நான் கேட்டதில்ல, ஆனா காது அங்கேயே இருக்கும். இன்னைக்கு நீ நிறுத்தல."

ரொட்டியம்மா யோசித்துப் பார்த்தாள். எப்போது சொன்னாள்? தெரியவில்லை. நினைத்துச் சொல்லவில்லை, பல்லைக் கடித்துச் சொல்லவில்லை. அவள் தங்கையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள், அது பாட்டுக்கு வந்திருக்கிறது. நெஞ்சில் கல் இருந்த இடத்தை மெதுவாகத் தேடினாள்.

"அம்மாடியோவ்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.